அச்சோவியம் வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி

ஒரே சுவரில் இரண்டு தாள்கள் மாட்டியிருக்கின்றன. இரண்டிலும் கீழே பென்சிலில் கையொப்பம். இரண்டிலும் இடதுபக்கம் 14/100 என்று எண். ஒன்று, ஓவியர் தன் கையால் செப்புத்தகட்டில் வரைந்து, அமிலத்தில் அரிக்கவிட்டு, மை பூசி, பிரஸ்ஸில் ஓட்டி எடுத்தது. மற்றொன்று, அவருடைய கேன்வாஸ் ஓவியத்தை ஒருவர் புகைப்படம் எடுத்து, இங்க்ஜெட் இயந்திரத்தில் நூறு பிரதி போட்டு, அவரிடம் கையெழுத்து வாங்கியது. விலைச்சீட்டில் இரண்டுமே ‘லிமிடெட் எடிஷன் பிரின்ட்’தான். முதலாவது ஒரு மூலப்படைப்பு. இரண்டாவது நல்ல தாளில் எடுத்த நகல்.

அதனால் ஓவியர் பெயரையும் எண்ணையும் விலையையும் கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இது எதிலிருந்து அச்சானது, அதைச் செய்தது யார்? இந்தக் கேள்விக்கு மிகத் தெளிவாகப் பதில் சொல்லக்கூடியவர் அதைச் செய்த ஓவியர்தான். அச்சோவியம் சேகரிக்க விரும்புகிறவர் ஏலப் பட்டியல்களைப் புரட்டுவதைவிட, தன் ஊரில் அச்சு வேலை செய்யும் ஓவியர்களை முதலில் தேடிப் போக வேண்டும் என்று அழுத்திச் சொல்வோம். அதற்கு முன் கொஞ்சம் கண் பழக வேண்டும்.

தாளில் தெரியும் தடம்

கையால் செய்யும் அச்சுமுறைகள் பெரும்பாலும் நான்கு குடும்பங்களில் அடங்கும். ஒவ்வொன்றும் தாளில் தன் தடத்தை விட்டுச் செல்லும். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் சிறிய உருப்பெருக்கி ஒன்றும், பக்கவாட்டில் பிடிக்க ஒரு கைவிளக்கும் இருந்தால் பெரும்பாலானவற்றை இனம் காணலாம்.

முதலாவது மேட்டு அச்சு. மரப்பலகையிலோ லினோலியத்திலோ வேண்டாத பகுதியைச் செதுக்கி எடுத்துவிட்டு, மேடாக நிற்கும் பகுதியில் ரோலரால் மை தடவித் தாளை வைத்து அழுத்துவார்கள். அழுத்தும்போது மை விளிம்புக்கு ஒதுங்கும். அதனால் கோட்டின் ஓரத்தில் மை கனத்துக் கரை கட்டியிருக்கும், நடுவில் மெலிந்திருக்கும். பல சமயம் தாளின் பின்புறத்திலும் அழுத்தம் தெரியும்.

லினோலியத்தில் செதுக்கி எடுக்கும் அச்சான லினோகட்டில், பல வண்ண வேலைக்கான ஒரு முறையைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரே பலகையில் முதல் வண்ணத்தை அச்சடித்துவிட்டு, அதையே மேலும் செதுக்கி, அடுத்த வண்ணத்தை அதே தாள்களின் மேல் அச்சடிப்பது அது. 1950-களின் கடைசியிலிருந்து பிக்காசோ, பிரான்ஸின் வல்லோரிஸ் ஊரைச் சேர்ந்த அச்சாளர் இதால்கோ ஆர்னேராவுடன் சேர்ந்து இந்த முறையில் நிறையச் செய்தார். ஒவ்வொரு வண்ணத்துக்கும் பலகை கொஞ்சம் கொஞ்சமாக அழிகிறது. முதல் வண்ணத்தின்போது எத்தனை தாள் போட்டார்களோ அதற்கு மேல் ஒரு தாள்கூடப் பிறகு எடுக்க முடியாது. வண்ணம் விலகிக் கெட்டுப்போனவற்றைக் கழித்துவிட்டால், முப்பது தாளில் தொடங்கியது இருபதில் முடிவதும் உண்டு. இத்தகைய பதிப்பின் எண்ணிக்கைக்குச் செய்முறையே வரம்பு கட்டிவிடுகிறது. அதை வாங்குகிறவர் யாருடைய வாக்குறுதியையும் நம்ப வேண்டியதில்லை.

இரண்டாவது பள்ள அச்சு: எட்ச்சிங் (கோட்டை அமிலத்தால் அரிப்பது), அக்வாடின்ட் (நிழல் பரப்பை அமிலத்தால் அரிப்பது), ட்ரைபாயின்ட் (ஊசியால் கீறுவது), மெஸோடின்ட் (தகடு முழுவதையும் சொரசொரப்பாக்கி, வெளிச்சம் வேண்டிய இடத்தை மழுக்குவது). செம்பு அல்லது துத்தநாகத் தகட்டின் பள்ளங்களில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரப்படுத்திய தாளை வைத்து, உருளைப் பிரஸ்ஸில் பெரும் அழுத்தத்தில் ஓட்டுவார்கள். ஈரத்தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொண்டு வரும். படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு தாளில் அழுந்தி ஒரு சட்டம்போல் பதிந்திருக்கும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால், கோடுகள் தாளுக்கு மேல் சற்று எழும்பி நிற்பது தெரியும். விரலால் தடவிப் பார்க்க வேண்டாம், கண்ணே போதும். நகலில் இந்தத் தகட்டுத் தடத்தைப் பொய்யாகவும் அழுத்தி வைப்பார்கள் என்பதால், தடம் மட்டும் சான்றாகாது. எழும்பிய கோட்டையும் தேடுங்கள்.

இவற்றில் ட்ரைபாயின்டைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்பது நல்லது. அமிலம் எதுவும் இல்லாமல் ஊசியால் தகட்டை நேராகக் கீறும்போது, ஏர் உழுத சாலின் ஓரத்தில் மண் ஒதுங்குவதுபோல் உலோகம் பிசிறாக எழும்பும். பள்ளத்தோடு அந்தப் பிசிறும் மையைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் ட்ரைபாயின்ட் கோடு கூராக முடியாமல், ஒரு பக்கமாக மெத்தென்று கசிந்து கருமையாக இருக்கும். ஆனால் துடைக்கும் ஒவ்வொரு முறையும், பிரஸ் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் பிசிறு நசுங்குகிறது. இருபது முப்பது தாளுக்குள் கசிவு குறைந்து கோடு மெலிந்துவிடும். தகட்டின்மேல் மெல்லிய இரும்புப் பூச்சு ஏற்றினால் அதைவிட நிறைய எடுக்கலாம். ‘ட்ரைபாயின்ட், 200 பிரதிகள்’ என்று எழுதியிருந்தால், பூச்சு ஏற்றினார்களா என்று கேளுங்கள். ஆம் என்றால் சரி. கேள்வியே புரியாமல் விற்பவர் விழித்தால், அவருக்கு அந்தத் தாளைப் பற்றி அதிகம் தெரியாது என்று அறிக.

மூன்றாவது லித்தோகிராஃப். 1790-களின் கடைசியில் அலோய்ஸ் செனஃபெல்டர் கண்டறிந்த முறை. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதே அடிப்படை. சுண்ணக்கல்லிலோ அலுமினியத் தகட்டிலோ கொழுப்புள்ள கிரேயானால் வரைந்து பதப்படுத்தினால், வரைந்த இடம் மையை வாங்கும், ஈரமான மற்ற இடம் தள்ளிவிடும். கல்லின் சொரசொரப்பில் கிரேயான் பட்ட இடங்கள் ஒழுங்கற்ற மணிகளாகத் தாளில் தெரியும். அந்த ஒழுங்கின்மைதான் அடையாளம். வணிக ஆஃப்செட் அச்சில் நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் வரிசை தவறாமல் நின்று சிறு பூ வடிவங்களாகத் தெரியும். இந்தப் பூக்களைக் கண்டால், கையில் இருப்பது புகைப்படத்திலிருந்து எடுத்த பிரதி. ஆஃப்செட்டும் லித்தோ கொள்கையில்தான் இயங்குகிறது என்பதால் ‘ஆஃப்செட் லித்தோகிராஃப்’ என்று எழுதி விற்கிறார்கள். சொல்லில் பொய்யில்லை. வாங்குகிறவர் புரிந்துகொள்வதுதான் வேறு.

நான்காவது ஸ்க்ரீன் பிரின்ட். வலையில் சில இடங்களை அடைத்துவிட்டு, திறந்த கண்கள் வழியாக மையை ரப்பர் பட்டையால் இழுத்துத் தள்ளுவது. மை தாளுக்குள் இறங்காமல் மேலே படலமாகப் படியும். சாய்த்துப் பார்த்தால் ஒரு வண்ணம் இன்னொன்றின்மேல் ஏறியிருக்கும் விளிம்பு சிறு படியாகத் தெரியும். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு முறை தனியாக இழுக்க வேண்டும் என்பதால், பன்னிரண்டு வண்ணமுள்ள ஸ்க்ரீன் பிரின்டுக்குப் பின்னால் பல நாள் உழைப்பு இருக்கிறது.

இயந்திரம் அச்சடித்தால் மதிப்பில்லையா

உண்டு. இங்க்ஜெட்டுக்கு ‘ஜிக்ளே’ என்ற பெயரை 1991-ல் ஜாக் டுகான் என்ற அச்சாளர் சூட்டினார். இன்று அந்தப் பெயரில் விற்பவை இரு வகை. கணினியிலேயே உருவாகி, தாளில் வருவதற்கென்றே செய்த படைப்பு ஒரு வகை. வேறு மூலம் இல்லாததால் அந்த அச்சுதான் படைப்பு. ஏற்கனவே இருக்கும் ஓவியத்தின் பிரதி மற்றொரு வகை. பிரதியை வாங்குவதில் குற்றம் எதுவும் இல்லை, ஓவியருக்கும் வருமானம். ஆனால் அதை மூலப்படைப்பு என்ற எண்ணத்தில், அந்த விலைக்கு வாங்கக் கூடாது. எந்த வகையானாலும் நிறமி மையா சாய மையா, தாள் முழுப் பருத்தியா என்று கேளுங்கள். சாய மை வெளிச்சத்தில் சீக்கிரம் மங்கும்.

இளம் ஓவியர்களிடம் இப்போது அதிகம் காணக் கிடைப்பது ரிசோகிராஃப். ஒரு டிரம்முக்கு ஒரு வண்ணம் என்று விரைவாக அடிக்கும் நகல் இயந்திரத்தின் வேலை. வண்ணங்கள் ஒரு மில்லிமீட்டர் முன்பின் விலகுவது அதன் இயல்பு, குறையாகக் கொள்ள வேண்டாம். ஆனால் அந்த எண்ணெய் மை முழுதாக உலர்வதில்லை. தேய்த்தால் கையில் ஒட்டும், மேலே வைத்த தாளிலும் படியும். பளிச்சென்ற ஒளிர் இளஞ்சிவப்பு வெயிலில் முதலில் போகும். சேகரிக்கத் தொடங்க நல்ல இடம்தான். ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் வையுங்கள்.

எண் சொல்வதும் சொல்லாததும்

14/50 என்றால் ஐம்பதில் ஒன்று. பதினான்காவதாக அச்சானது என்று பொருளில்லை. தாள்கள் உலர்ந்து, தரம் பிரித்து, அடுக்கிய பிறகுதான் எண்ணிடுவார்கள். பல வண்ண வேலையில் ஒவ்வொரு சுற்றிலும் அடுக்கு மாறிவிடும். எண் 1 என்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. ட்ரைபாயின்ட், மெஸோடின்ட் போலத் தகடு தேயும் முறைகளில் முந்தி எடுத்தது நன்றாக இருக்கும் என்பது உண்மை. அங்கும் எண்ணை நம்பாமல் இரண்டு தாள்களைப் பக்கத்தில் வைத்துக் கருமையை ஒப்பிடுவதே சரி.

ஐம்பது என்பதும் முழுக் கணக்கில்லை. ஓவியர் தனக்கென வைத்துக்கொள்ளும் ஏ.பி. பிரதிகள் உண்டு, பதிப்பில் பத்தில் ஒரு பங்கு என்பது வழக்கம். அச்சாளருக்கு பி.பி., விற்பனைக்கு இல்லை என்ற பெயரில் எச்.சி., ‘இதைப்போல் மற்றவை இருக்கட்டும்’ என்று ஓவியர் ஒப்புதல் தந்த பி.ஏ.டி. ஒன்று, தயாராகும்போது எடுத்த சோதனைத் தாள்கள் வேறு. ஐம்பது பிரதிப் பதிப்பு உண்மையில் அறுபதுக்கு மேல் இருப்பது சாதாரணம். முறையான ஓவியர் இந்தக் கணக்கைத் தயங்காமல் சொல்வார். ஏ.பி.யே முப்பது என்றால் அது எண்ணை ஏமாற்றும் வழி. அதே படம் வேறு அளவில், வேறு தாளில், ரோமன் எண்ணில் தனிப்பதிப்பாக வந்திருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பதிப்பு முடிந்ததும் தகட்டைக் குறுக்கே கீறியோ கல்லைத் தேய்த்தோ வலையைக் கழுவியோ மூலத்தை முடித்துவைப்பது நல்ல வழக்கம். முடித்துவைக்காத தகடு எத்தனை காலமானாலும் மீண்டும் அச்சாகும். ஸ்பெயின் ஓவியர் கோயா 1810-க்கும் 1820-க்கும் இடையில் செய்த ‘போரின் பேரழிவுகள்’ வரிசை முதன்முதலாகப் பதிப்பாக வெளிவந்தது 1863-ல், அவர் இறந்து 35 ஆண்டுகளுக்குப் பிறகு. ரெம்ப்ராண்டின் தகடுகளிலிருந்து அவர் காலத்துக்குப் பின்னும் தலைமுறை தலைமுறையாக எடுத்துக்கொண்டே இருந்தார்கள். அவர் கையாலேயே மை துடைத்து எடுத்த தாளும், தேய்ந்த தகட்டில் பின்னாளில் எடுத்த தாளும் ஒரே படம்தான், ஒரே பொருளாகிவிடாது.

கையொப்பத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்பெயின் ஓவியர் சல்வடோர் டாலியைச் சொல்வார்கள். அவர் வெற்றுத் தாள்களில் முன்கூட்டியே கையெழுத்திட்டுக் கொடுத்துவந்தார். 1974-ல் பிரான்ஸ் சுங்க அதிகாரிகள் நிறுத்திய ஒரு வண்டியில் அப்படிப்பட்ட சுமார் 40,000 தாள்கள் இருந்தன. அந்தத் தாள்களில் பிறகு என்ன அச்சானாலும் கையொப்பம் அசல்தான்! அதனாலேயே டாலியின் பிற்கால அச்சோவியச் சந்தையில் இன்றும் வாங்குகிறவர்கள் அஞ்சுகிறார்கள்.

ஒரு பட்டறையில் கால் வைத்தால்

தைலவண்ண ஓவியர் தன் வீட்டு அறையில் தனியாக வேலை செய்யலாம். அச்சோவியருக்கு அது கடினம். பிரஸ் நூற்றுக்கணக்கான கிலோ எடை. அமிலத்துக்குக் காற்றோட்டமுள்ள தனி இடம் வேண்டும். வலை கழுவ, தாள் நனைக்க, உலர்த்த என்று ஆளுக்கொரு வசதி கட்டி மாளாது. அதனால் அச்சோவியர்கள் பொதுப் பட்டறைகளில் கூடுகிறார்கள். நியூயார்க்கில் அச்சோவியர் ராபர்ட் பிளாக்பர்ன் 1940-களின் கடைசியில் தொடங்கியதும், 1967-ல் ஸ்காட்லாந்தில் தொடங்கிய எடின்பரோ பிரின்ட்மேக்கர்ஸும் இந்தத் தேவையிலிருந்து வந்தவை. சேகரிப்பவருக்கு இதில் பெரிய நன்மை இருக்கிறது. ஓர் ஓவியரைப் பார்க்கப் போனால், பக்கத்து மேசையில் இன்னும் ஐந்தாறு பேர் வேலை செய்துகொண்டிருப்பார்கள்.

பட்டறைச் சூழல் கலையையே மாற்றிய வரலாறும் உண்டு. 1927-ல் ஆங்கில ஓவியர் ஸ்டான்லி வில்லியம் ஹேட்டர் பாரிஸில் தொடங்கிய பட்டறை, பிற்பாடு அட்டெலியே 17 என்று பெயர் பெற்றது. ஆந்திரத்தில் பிறந்த அச்சோவியர் கிருஷ்ண ரெட்டி அங்கே பணிபுரிந்தபோது, ஹேட்டருடனும் சக ஓவியர் கைக்கோ மோத்தியுடனும் சேர்ந்து, எண்ணெய் கூட்டியும் குறைத்தும் கலந்த மைகளை மென்மையான ரோலர், கடினமான ரோலர் கொண்டு ஒரே தகட்டில் ஏற்றும் முறையை வளர்த்தெடுத்தார். நீர்த்த மையும் கெட்டி மையும் ஒன்றையொன்று தள்ளுவதால், பல வண்ணங்கள் ஒரே ஓட்டத்தில் தாளுக்கு வந்துவிடும். இந்த முறையில் எடுத்த பதிப்பில் தாளுக்குத் தாள் சாயல் மாறும். எனவே எண்ணைப் பார்க்காமல், நாலைந்து தாள்களைப் பரப்பி வைத்துப் பிடித்ததைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஓவியரை நேரில் தெரிந்தால்தான் இப்படிப் பரப்பிப் பார்க்கும் வாய்ப்பே கிடைக்கும்.

ஓவியர்களை எங்கே பார்ப்பது? பொதுப் பட்டறைகளின் திறந்த நாட்கள், அச்சோவியச் சந்தைகள், கலைக்கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவர் கண்காட்சிகள், இந்த மூன்றும் போதும். இறுதியாண்டுக் கண்காட்சியைக் குறிப்பாகச் சொல்கிறோம். கல்லூரிப் பிரஸ்ஸை விட்டு வெளியேறும் பலர் அதன்பின் சில ஆண்டுகள் அச்சு வேலையே செய்ய முடியாமல் போகிறது. அந்த நேரத்தில் ஒருவர் இரண்டு தாள் வாங்கினால், அடுத்த பதிப்புக்கான தாளும் தகடும் வாங்கக் கைகொடுக்கும். ஓவியர்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் தொகுப்புகளைப் பற்றியும் கேளுங்கள். பத்துப் பேர் ஆளுக்குப் பன்னிரண்டு பிரதி எடுத்து மாற்றிக்கொண்டு, மிச்சத்தை மொத்தத் தொகுப்பாக விற்பதுண்டு. ஒரே ஊரின் பத்துக் கைகளை ஒரு பெட்டியில் அறிந்துகொள்ள இதைவிடச் சிக்கனமான வழி இல்லை.

முடிந்தால் ஒரு வார இறுதி லினோகட் வகுப்பில் சேருங்கள். வெள்ளையாக நிற்க வேண்டியதை யோசித்துச் செதுக்குவதும், மை அதிகமானால் நுண்கோடு அடைபடுவதும், இரண்டாம் வண்ணம் பொருந்தாமல் விலகுவதும் கையில் பட்டால், அடுத்தவர் தாளைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும்.

பட்டறைக்குப் போவதற்கு முன் செய்தி அனுப்பி நேரம் கேளுங்கள். தாள் நனைத்து மை பூசிவிட்டால் ஓவியரால் வேலையை நிறுத்த முடியாது. அச்சடிக்கும் நாளில் எதிர்பாராமல் போய் நின்றால் இரு தரப்புக்கும் சங்கடம். போனதும் விலையில் தொடங்காமல், சோதனைத் தாள்களைக் காட்டச் சொல்லுங்கள். ஒரே தகடு மூன்றாம் நிலையில் எப்படி இருந்தது, பிறகு எந்த இடத்தை இருளாக்கினார், எதை அழித்தார் என்று அவை காட்டும். தகட்டையும் கேளுங்கள். படம் அதில் இடம் வலமாக மாறியிருக்கும். இவற்றைக் காட்டுவதில் பெரும்பாலான ஓவியர்களுக்குத் தனி மகிழ்ச்சி. கேட்கிறவர்கள் குறைவு என்பதே காரணம்.

ஓவியருக்குக் கேலரி ஒன்று பிரதிநிதியாக இருந்தால், நேரில் வாங்கினால் கேலரிப் பங்கைக் கழித்துக்கொள்வீர்களா என்று கேட்காதீர்கள். அப்படி விற்பது அவருடைய ஒப்பந்தத்தைக் கெடுக்கும். தவணையில் தரலாமா என்று கேட்பதில் தவறில்லை, பலரும் ஒத்துக்கொள்கிறார்கள். பதிப்பு விற்கவிற்க மீதித் தாள்களின் விலையை ஏற்றுவது பல பட்டறைகளின் வழக்கம் என்பதால், பிடித்த படத்தைப் பதிப்பு வெளியானதும் வாங்குவது சிக்கனம். பின்னாளில் விலை ஏறும் என்ற கணக்கில் மட்டும் வாங்க வேண்டாம். பெரும்பாலான அச்சோவியங்கள் வாங்கிய விலைக்குக்கூட எளிதில் திரும்ப விற்பதில்லை.

பணம் கொடுக்கும் முன்

சட்டமிட்ட அச்சோவியத்தை வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் மறைவது எப்போதும் ஓரங்கள்தான், பிரச்சினைகளும் அங்கேதான் இருக்கும். கைகளைக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் இரு பக்கமும் தாங்கித் தூக்குங்கள். ஒற்றைக் கையால் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் பிறைவடிவ மடிப்பு விழும், அது போகவே போகாது. ஏற்கனவே அப்படி மடிப்பு இருக்கிறதா என்று விளக்கைச் சாய்த்துப் பாருங்கள். பழுப்புப் புள்ளிகள் ஈரத்தின் அடையாளம். படத்தைச் சுற்றிச் சீரான பழுப்புக் கோடு இருந்தால், சட்டத்துக்குள் படத்தைச் சுற்றி வைத்த அமிலமுள்ள மவுண்ட் அட்டை தாளைச் சுட்டிருக்கிறது. கடைச் சட்டத்தில் அடங்கவேண்டி வெள்ளை ஓரத்தை வெட்டியிருந்தால், அந்தத் தாள் மதிப்பில் பெரும்பகுதியை இழந்துவிட்டது. சரிசெய்ய வழியில்லை.

கையொப்பத்தை உருப்பெருக்கியில் பாருங்கள். பென்சில் தாளை இலேசாக அழுத்தியிருக்கும், சாய்த்தால் கரி மினுக்கும். அச்சான கையொப்பம் புள்ளிகளாக உடையும். பட்டறையின் முத்திரை ஒன்று மை இல்லாமல் மூலையில் அழுத்தியிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பதிப்பு விவரங்களை அந்தப் பட்டறையிடம் கேட்டு உறுதிசெய்ய அது உதவும். 1960-ல் ஓவியர் ஜூன் வேய்ன் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய டாமரிண்ட் லித்தோ பட்டறை, ஒவ்வொரு பதிப்புக்கும் எத்தனை தாள், எந்தத் தாள், யார் அச்சிட்டது என்று ஆவணம் எழுதும் வழக்கத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தது. இன்று சிறு பட்டறையிடமும் அதை எதிர்பார்ப்பது நியாயமே.

சட்டமிடும்போது கெடுவதுதான் அதிகம்

வாங்கிய தாளுக்கு முதல் ஆபத்து, அதைச் சுவரில் மாட்ட எடுக்கும் முயற்சியிலிருந்தே வருகிறது. அவசரத்தில் செய்யும் கடைகளில் தாளை முழுதாகப் பசைப் படலத்தால் அட்டையில் ஒட்டிவிடுவார்கள். தட்டையாக, அழகாக இருக்கும். பிறகு பிரித்தெடுக்க முடியாது. செல்லோடேப்பும் அப்படியே: பத்து ஆண்டில் பசை மஞ்சளாகித் தாளுக்குள் ஊறி, படத்தின் பக்கமும் கறை காட்டும்.

சரியான முறை இது. கோஸோ என்ற செடியின் நாரில் செய்த ஜப்பானியத் தாளை இரண்டு விரல் அகலத்துக்குக் கீற்றாகக் கிழிக்க வேண்டும். கத்தரித்தால் விளிம்பு கூர்மையாகி ஓவியத்தின் முன்பக்கம் தடம் காட்டும். தண்ணீர் தொட்டுக் கிழித்தால் நார்கள் விரிந்து மெலிந்து முடியும். கோதுமை மாவுச்சத்தைக் காய்ச்சிய பசையைக் கீற்றின் நுனியில் அரை சென்டிமீட்டர் மட்டும் மெல்லத் தடவி, ஈரம் பாதி வற்றியதும் ஓவியத்தின் பின்புற மேல் ஓரத்தில் இரு இடங்களில் ஒட்டி, மேலே உறிதாள் வைத்துச் சிறு எடை ஏற்றி உலரவிட வேண்டும். பசையில் நீர் அதிகமானால் அந்த இடம் சுருங்கி முன்பக்கம் குழிவிழும். கீற்றின் மறுமுனை பின் அட்டையில் ஒட்டும். கீழ் ஓரமும் பக்கங்களும் தளர்ந்திருக்க வேண்டும். காற்றின் ஈரத்துக்கேற்பத் தாள் விரிந்து சுருங்கும். நான்கு பக்கமும் ஒட்டினால் அலையலையாக எழும்பிவிடும். கீற்று ஓவியத்தாளைவிடப் பலவீனமாக இருப்பதும் வேண்டும் என்றே செய்வதுதான். சட்டம் கீழே விழுந்தால் கீற்று கிழியட்டும், தாள் தப்பட்டும்.

முன்பக்க மவுண்ட் அட்டையும் பின் அட்டையும் முழுப் பருத்தியாக, அமிலமில்லாததாக இருக்கட்டும். அட்டையின் சரிவாக வெட்டிய விளிம்பு சில ஆண்டில் மஞ்சளானால் அது மலிவான மரக்கூழ் அட்டை. ஓவியம் கண்ணாடியில் படவே கூடாது. மை ஒட்டிக்கொள்ளும், வியர்த்தால் பூஞ்சை வரும். மவுண்டின் தடிமன் குறைந்தது ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி தரும். விளிம்பு பிசிறிய கைத்தாளை முழுதாகக் காட்ட விரும்பினால், மவுண்ட் இல்லாமல் உள்ளே இடைக்கட்டை வைத்துக் கண்ணாடியைத் தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள்.

வெளிச்சத்தின் சேதம் கூடிக்கொண்டே போகும், ஒருபோதும் திரும்பாது. அருங்காட்சியகங்கள் தாள் படைப்புகளுக்குச் சுமார் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவையே அனுமதிக்கின்றன. இரட்டை வெளிச்சத்தில் பாதி நேரம் வைத்தாலும் சேதம் அதேதான். புறஊதாவைத் தடுக்கும் கண்ணாடி வேகத்தைக் குறைக்கும். நேர் வெயில் விழும் சுவருக்கு அது போதாது. மாட்டியதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இறக்கி வேறொன்றை மாட்டுவது நல்ல பழக்கம். சேகரித்ததை எல்லாம் மாறிமாறிப் பார்த்ததுபோலவும் ஆகும். மாட்டாதவற்றைச் சுருட்டி வைக்காமல், அமிலமில்லாத உறைகளில் தட்டையாகப் படுக்கவையுங்கள். ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டி இருப்பது நல்லது. குளியலறையை ஒட்டிய சுவர், மழைநீர் இறங்கும் வெளிச்சுவர், அடுப்புக்குப் பக்கம் ஆகியவற்றைத் தவிருங்கள். அஞ்சலில் குழாயில் சுருட்டி வந்ததை வந்த அன்றே விரித்து, மேலும் கீழும் சுத்தமான தாள் வைத்து, சீரான எடையின்கீழ் சில நாள் விடுங்கள். எதிர்ப்பக்கம் சுருட்டி நிமிர்த்த முயன்றால் மடிப்பு விழும். தகட்டுத் தடம் ஆழமாக உள்ள எட்ச்சிங்கைக் குழாயில் அனுப்பவே வேண்டாம் என்று ஓவியரிடம் சொல்லிவிடுங்கள்.

எழுதி வைக்க வேண்டியவை

ஒவ்வொரு தாளுக்கும் ஒரு பக்கம்: ஓவியர், தலைப்பு, ஆண்டு, செய்முறை, படத்தின் அளவு, தாளின் அளவு, பதிப்பு எண்ணும் மற்றப் பிரதிகளின் கணக்கும், தாளின் பெயர், அச்சிட்டவர், பட்டறை, மூலம் அழிக்கப்பட்டதா, வாங்கிய நாள், ரசீது. முன்னும் பின்னும் எடுத்த படங்கள் உடன் இருக்கட்டும். தாளின் பின்புறம் எதையும் எழுதாதீர்கள், பேனாவால் ஒருபோதும் எழுதாதீர்கள். உறைமேல் எழுதுவது போதும். தாளை வாங்கியதால் படத்தின் பதிப்புரிமை கைக்கு வந்துவிடாது. அட்டைப்படமாகவோ அழைப்பிதழிலோ பயன்படுத்த ஓவியரின் அனுமதி வேண்டும்.

இந்தப் பக்கத்தை நிரப்பி ஓவியருக்கே அனுப்பித் திருத்தம் கேட்பது நல்லது. பெரும்பாலான ஓவியர்கள் தங்கள் பழைய பதிப்புகளுக்கு முழுக் கணக்கு வைத்திருப்பதில்லை. எத்தனை ஏ.பி. எடுத்தார், கடைசியில் எத்தனை தாள் கெட்டது என்பது சில ஆண்டுகளில் அவருக்கே மறந்துவிடும். பட்டறை மூடிவிட்டால் கேட்க வேறு ஆளில்லை. அவர் திருத்தி அனுப்பிய மின்னஞ்சலை அச்செடுத்து உறையோடு வையுங்கள். நாளை ஓவியரின் முழுப் படைப்புப் பட்டியலைத் தொகுக்க ஒருவர் வரும்போது, அவர் முதலில் கேட்கப்போவது அந்த ஒரு பக்கத்தைத்தான்.